ஒரே பந்தியில் மத்தேயுவும் சீமோனும்



தேர்தல் முடிவுகள் வெளியான மறுநாள் காலை உங்கள் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் முகத்தில் பெருமிதம். மற்றவர் முகத்தில் வாட்டம். நேற்றுவரை ஒரே மேசையில் தேநீர் அருந்தியவர்கள் இன்று வெவ்வேறு மூலைகளை நாடுகின்றனர். கேலி வெறுப்பாகிறது; வெறுப்பு மொட்டைக் கடிதமாகிறது; அக்கடிதம் ஒருவருடைய இடமாற்றக் கட்டளையாக வந்து சேருகிறது.

நமது நாட்டில் இது புதிதன்று. தொழிற்சங்கங்கள் பல அரசியற் கட்சிகளோடு பிணைந்தே வளர்ந்தன. 1980 ஆம் ஆண்டு ஜூலை வேலைநிறுத்தத்தில் இணைந்த பல்லாயிரம் ஊழியர்கள் தொழிலை இழந்தார்கள். 'அரசியல் பழிவாங்கல்' என்னும் சொல்லை நம் வீடுகளில் பிள்ளைகளும் அறிவார்கள். அச்சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு குடும்பத்தின் அன்றாட உணவு இருக்கிறது.

இனி, ஆண்டவர் இயேசு தெரிந்துகொண்ட பன்னிருவரை நோக்குங்கள் (மத்தேயு 10:2-4). அவர்களுள் ஒருவர் மத்தேயு. உரோமை ஆதிக்கத்துக்குத் துணைபோனவர்களென மக்கள் வெறுத்த வரிதண்டுவோர் கூட்டத்திலிருந்து வந்தவர். மற்றொருவர் சீமோன். 'தீவிரவாதி' என்னும் அடைமொழி பெற்ற இவரை, தம் இனத்தின் விடுதலையில் தணியாத ஆர்வம் கொண்டவரென்றே பலரும் விளங்கிக்கொள்கின்றனர். சுங்கச்சாவடியை விட்டெழுந்த பின்னரும் மத்தேயுவின் கடந்த காலத்தை ஊர் மறந்திராது; சீமோனும் மறந்திருக்கமாட்டார். ஆயினும் ஆண்டவர் இருவரையும் ஒரே பந்தியில் அமர்த்தினார். ஒரே பணியை ஒப்படைத்தார்.

அவர்களிடையே பூசல் எழவில்லையா? எழுந்தது. ஆனால் நற்செய்தி குறிப்பிடும் பூசல் உரோமையைப் பற்றியதன்று. தங்களுள் பெரியவர் யார் என்பதே அது (மாற்கு 9:33-35). நாமும் நம்மைச் சோதித்துப் பார்ப்போம். கொள்கைக்காக வாதாடுவதாக எண்ணும் நாம், உண்மையில் பதவி உயர்வுக்காகவும் மேலதிகாரியின் தயவுக்காகவும் அல்லவா பல வேளைகளில் மோதுகிறோம்?

அப்பூசலை இயேசு தீர்த்த விதம், அலுவலகத் தலைமையில் இருப்போர் கற்கவேண்டிய பாடம். வழியில் அவர் யாரையும் அவமானப்படுத்தவில்லை. கப்பர்நாகூமில் வீட்டை அடைந்த பின்னரே, என்ன வாதாடினீர்கள் என்று கேட்டார். ஒருவரைத் தனியே அழைத்து மற்றவரைப் பற்றிய கோள் கேட்கவுமில்லை. அமர்ந்து, பன்னிருவரையும் அழைத்து, முதன்மையை விரும்புகிறவர் அனைவருக்கும் தொண்டராகட்டும் என்று கற்பித்தார். அதிகாரி ஒருவர் தம் கட்சிக்காரருக்கு விடுமுறையும் மற்றவருக்கு வேலைச்சுமையும் வழங்குவாராயின், எத்தனை கூட்டம் நடத்தினாலும் அங்கே சமாதானம் பிறவாது.

ஆனால் மௌனமும் சமாதானமன்று. 2009 ஆம் ஆண்டு போர் முடிவடைந்த மே மாதம் ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வருகிறது. ஒருவர் இழந்த உறவுகளுக்காக விளக்கேற்றுகிறார். அடுத்த மேசையிலிருப்பவர் அந்நாட்களை வெற்றியாக நினைவுகூருகிறார். முன்னவர் தம் துயரை மறைக்கவேண்டுமென்று நற்செய்தி கேட்கவில்லை. அத்துயரைச் சொல்லவும் கேட்கவும் இடமளிக்கும் நட்பையே அது கேட்கிறது. 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடும் இதையே கற்பிக்கிறது: நேர்மையான விசுவாசிகளும் உலக விடயங்களில் கருத்து வேறுபடலாம், தம் கருத்துக்கே திருச்சபையின் அதிகாரம் உண்டென ஒருவரும் உரிமை பாராட்டலாகாது, அன்பு குன்றாமல் உரையாடி, பொதுநலனையே நாடவேண்டும் (எண் 43).

பெற்றோரே, அலுவலகத்தின் கசப்பை நீங்கள் இராப்போசன வேளையில் கொட்டும்போது பிள்ளைகள் செவிமடுக்கின்றனர். உடன் பணியாற்றுபவரை அவருடைய கட்சியின் பெயரால் அழைக்கிறீர்களா, அவருடைய சொந்தப் பெயரால் அழைக்கிறீர்களா? அவர்களும் அவ்வாறே அழைக்கப் பழகுவார்கள்.

நாளை அலுவலகம் செல்லும்போது, நீங்கள் பேச மறுத்த அந்த ஒருவருக்கு முதல் வணக்கத்தை நீங்களே கூறுங்கள். உங்கள் கருத்தை மாற்றவேண்டியதில்லை. அவருடைய உணவில் மட்டும் கைவைக்காதீர்கள். ஞாயிறு திருப்பலியில் சமாதானம் பகிரும் நம் கரங்கள், திங்களன்று மொட்டைக் கடிதம் எழுதலாகாது.

செபிப்போம்: மத்தேயுவையும் சீமோனையும் ஒன்றாய் அழைத்த ஆண்டவரே, எம்மோடு உழைப்பவரை எதிரியாகக் காணும் பார்வையை எம்மிடமிருந்து அகற்றியருளும். ஆமென்.