கீபோர்டும் கணிப்பொறியும்

இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு

இசைக்கு மயங்காதார் எவருமிலர். தொட்டிலில் தாலாட்டாகத் தொடங்கும் இசை, பாடையில் ஒப்பாரியாகும் வரை நம்மோடு வருகிறது. ஆயினும் அந்த இசையைப் பதிந்து வைப்பது ஒரு காலத்தில் பொருள் படைத்தவர்க்கே கைகூடிய செயலாக இருந்தது. இன்றோ ஒரு கீபோர்டும், ஒரு கணிப்பொறியும், இரண்டையும் இணைக்க ஒரு வடமும் இருந்தால் வீட்டுக் கூடமே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடுகிறது. 1992இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் இசை, ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்ட கூடத்தில்தான் உருவாயிற்று என்பதை நாம் அறிவோம்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியவர் என் தாத்தா. நாற்பது ஆண்டுக் காலம் ஸ்பெஷல் நாடக மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். பெட்டியை விற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்ற ஆண்டு அவர் விரல்கள் நடுங்கத் தொடங்கின. அவர் நெஞ்சில் இருந்த மெட்டுகளோ எந்த நோட்டிலும் எழுதப்படாதவை. எப்படியேனும் அவற்றைப் பதிந்துவிட வேண்டும் என்று நண்பர் ஒருவரிடம் கீபோர்டை இரவல் வாங்கினேன். அப்போது தட்டித் தடுமாறிக் கற்றவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

இருவேறு வழிகள்

கீபோர்டிலிருந்து கணிப்பொறிக்கு இரண்டு பொருள்களை அனுப்பலாம். ஒன்று, அது எழுப்பும் ஒலி. மற்றொன்று, எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்னும் செய்தி. முன்னது, சமைத்த சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது போன்றது. பின்னது, சமையல் பக்குவத்தை எழுதிக் கொடுப்பது போன்றது. பொட்டலத்தில் உப்பு மிகுந்துவிட்டால் எடுக்க இயலாது. பக்குவத்தில் எழுதிய அளவை மாற்றினால் போதும்.

அளவிலும் இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. குறுந்தகட்டின் தரத்தில் ஒலியைப் பதிந்தால் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள் வீதம், இரு தடங்களிலும் சேர்த்து ஒரு நிமிடத்திற்கு ஒரு கோடி பைட்டுகளுக்கு மேல் ஆகும். இரண்டாயிரம் சுரங்கள் கொண்ட ஒரு பாட்டின் செய்திகளுக்கோ ஏறத்தாழ 16,000 பைட்டுகளே போதும்.

மிடி என்பது யாது?

தமிழில் மிடி என்றால் வறுமை. நாம் ஈண்டுக் கூறும் மிடியோ இசைக்கலைஞரின் வறுமையைப் போக்க வந்தது! மியூசிகல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிடல் இன்டர்ஃபேஸ் என்பதன் சுருக்கமே இது. முன்னர் ஒரு நிறுவனத்தின் மின்னணுக் கருவி மற்றொன்றின் கருவியோடு பேசாது. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககெஹாஷியும் பொதுமொழி ஒன்று வேண்டும் என்று முனைந்தனர். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இருவேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே வடத்தால் இணைக்கப்பட்டு ஒன்றோடொன்று பேசின. இதற்காக இருவருக்கும் 2013இல் கிராமி தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

மிடியில் ஒவ்வொரு சுரத்திற்கும் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. நடுவிலுள்ள 'சி' கட்டைக்கு எண் 60. அழுத்தும் வேகத்திற்கும் 1 முதல் 127 வரை ஓர் எண். ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பைட் செய்தி புறப்படுகிறது. தொடக்க, முடிவுக் குறிகளோடு சேர்த்து அது 30 பிட்டுகள். பழைய ஐந்து ஊசி வடத்தின் வேகம் விநாடிக்கு 31,250 பிட்டுகள். ஆகவே ஒரு சுரம் போய்ச் சேர ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை.

இணைக்கும் முறை

இன்றைய கீபோர்டுகள் பலவற்றின் பின்புறத்தில் சதுர வடிவில் ஒரு யு.எஸ்.பி. துளை இருக்கும். 'டு ஹோஸ்ட்' என்று குறித்திருக்கும் அத்துளையையே கணிப்பொறியுடன் இணைக்க வேண்டும். 'டு டிவைஸ்' என்று குறித்திருப்பது பென் டிரைவ் செருகுவதற்கு. முதல் நாள் இதை அறியாமல் நான் இழந்தது ஒரு மாலைப்பொழுது.

பழைய கீபோர்டாயின் ஐந்து ஊசித் துளைகளே இருக்கும். அதற்கு இடையில் ஒரு மிடி இணைப்பான் தேவை. கீபோர்டின் 'அவுட்' இணைப்பானின் 'இன்'னுக்குச் செல்ல வேண்டும். வாய் பேசினால் காதுதான் கேட்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பிழை நேராது.

வடத்தைச் செருகிக் கீபோர்டை இயக்கிய பின்னரே பதிவு மென்பொருளைத் திறப்பது நலம். பல கீபோர்டுகளைக் கணிப்பொறி தானே அடையாளம் கண்டுகொள்ளும். சிலவற்றிற்கு, அவற்றை உருவாக்கிய நிறுவனம் தரும் டிரைவரை நிறுவ வேண்டும். பின்னர் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் மிடி உள்ளீடாகக் கீபோர்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்.எம்.எம்.எஸ். என்னும் இலவச மென்பொருளில் மிடியைப் பதியலாம். ஆடாசிட்டியும் இலவசமே, ஆனால் அது ஒலியைப் பதியுமேயன்றி மிடியைப் பதியாது. ஒவ்வொரு சுரமும் இரண்டாகக் கேட்டால் அஞ்ச வேண்டா. கீபோர்டும் கணிப்பொறியும் ஒருசேர ஒலிக்கின்றன என்பதே அதன் பொருள். கீபோர்டில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை அணைத்தால் ஒன்று அடங்கிவிடும்.

ஒலியையே பதிய விரும்புவோர், கீபோர்டின் 'லைன் அவுட்' அல்லது ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றின் 'லைன்' உள்ளீட்டிற்கு வடம் இட வேண்டும். மடிக்கணினியின் மைக் துளையில் செருகலாகாது. அது மெல்லிய மின்குறிக்கென அமைந்தது. கீபோர்டின் வலிய குறி அதில் புகுந்தால் ஒலி கரகரக்கும். அடியில் வண்டு ரீங்காரம் போன்ற இரைச்சல் கேட்டால் அது பெரும்பாலும் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவால் வருவது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே மருந்து.

தாமதம் என்னும் தொல்லை

கட்டையை அழுத்திச் சற்றுப் பொறுத்து ஒலி வந்தால் யாராலும் வாசிக்க இயலாது. இதற்குக் காரணம் வடமன்று. கணிப்பொறி ஒலி மாதிரிகளை ஒரு தொகுதியாகச் சேர்த்த பின்னரே வெளியிடுகிறது. அத்தொகுதி 1,024 மாதிரிகளாயின் அதற்கே 23 மில்லி விநாடி ஆகும். ஒலியின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், நம் கருவியை எட்டு மீட்டர் தள்ளி வைத்துக் கேட்பதற்கு இது ஒப்பாகும். தொகுதியை 128 ஆக்கினால் மூன்று மில்லி விநாடியாகக் குறையும். மிகக் குறைத்தால் கணிப்பொறி ஈடுகொடுக்க இயலாமல் ஒலி வெடித்து வெடித்து வரும். விண்டோஸ் கணிப்பொறியில் ஏசியோ வகை டிரைவரைப் பயன்படுத்தினால் தாமதம் பெரிதும் குறையும்.

கட்டை மாற்றம்

தாத்தா ஒரு கட்டையில் வாசித்தார். என் தங்கைக்குச் சுருதி ஐந்து கட்டை. ஒலியாகப் பதிந்திருந்தால் பெரும்பாடு. மிடியில் எல்லா எண்களோடும் 7ஐக் கூட்டினால் போதும். 60 என்பது 67 ஆயிற்று. வேகம் சிறிதும் மாறவில்லை. தங்கை அதனோடு பாடினாள்.

மற்றொரு சிக்கலும் எழுந்தது. ஆர்மோனியத்தில் ஓசையின் ஏற்ற இறக்கம் துருத்தியில் இருக்கிறது, கட்டையை அழுத்தும் வேகத்தில் இல்லை. எனவே தாத்தாவின் அழுத்த எண்கள் 30க்கும் 110க்கும் இடையே தாறுமாறாகக் கிடந்தன. கீபோர்டில் 'டச்' அமைப்பை அணைத்தபின் ஒலி சீராயிற்று. அவருடைய இடக்கை மட்டும் கடைசி வரை இல்லாத துருத்தியைத் தேடிக்கொண்டே இருந்தது.

இயந்திரத்தின் திருத்தம்

பதிவு மென்பொருள்களில் 'குவான்டைஸ்' என்றொரு வசதி உண்டு. தாளத்திலிருந்து முந்தியும் பிந்தியும் விழுந்த சுரங்களை இழுத்துவந்து கட்டத்திற்குள் நிறுத்திவிடும். விரல் நடுக்கத்தைச் சரிசெய்வதாக எண்ணி ஒரு மெட்டு முழுவதற்கும் அதைச் செய்துவிட்டேன். பெருமையோடு தாத்தாவுக்குப் போட்டும் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “என்னப்பா, என்னைப் பள்ளிக்கூட டிரில் பிடிக்க வைத்துவிட்டாயே!” என்றார். “அந்தக் கடைசிச் சுரம் பிந்தி விழுந்தது பிசகில்லை. ராஜபார்ட் திரைக்குப் பின்னால் நிற்கிறார். அவர் காலடி எடுத்து வைக்கும் வரை கை காத்திருக்க வேண்டும்” என்று விளக்கினார்.

நல்லவேளையாக முதற்பதிவை வேறு பெயரில் சேமித்திருந்தேன். இல்லையேல் அந்தக் காத்திருப்பு அன்றே அழிந்திருக்கும். ஆகவே நண்பர்களுக்கு நான் கூறும் முதல் அறிவுரை இதுவே: முதலில் பதிந்ததை எக்காரணம் கொண்டும் திருத்தாதீர்கள். படியெடுத்து, படியில் மட்டும் திருத்துங்கள். இரண்டு இடங்களிலாவது சேமித்து வையுங்கள்.

முடிவுரை

மிடிக்கும் எல்லை உண்டு. பன்னிரு கட்டைகளுக்குள் நம் கமகங்கள் அடங்கமாட்டா. சுரத்தை வளைக்கும் சக்கரம் 16,384 படிகள் கொண்டதாயினும் வீணையில் விரல் செய்வதை அது எளிதில் செய்துவிடாது. மேலும், பாடுவோரின் குரலை மிடியால் பதிய இயலாது. அதற்கு மைக்கும் ஒலிப்பதிவுமே வேண்டும்.

எனினும் எங்கள் வீட்டில் இன்று பத்தொன்பது மெட்டுகள் இருக்கின்றன. தாத்தா இப்போது வாசிப்பதில்லை. மாலையில் அவற்றைப் போடச் சொல்லிக் கேட்கிறார். கணிப்பொறித் திரையில், அந்தக் கடைசிச் சுரம் கட்டத்தைத் தாண்டிச் சற்றே பிந்தி நிற்பதை நான் காண்கிறேன்.

நம் கல்லூரிக்கு வரும் மாணவர் பலரின் வீடுகளிலும் நாயனம் வாசித்தவரோ, பம்பை அடித்தவரோ, கும்மிப் பாட்டுப் பாடும் பாட்டியோ இருக்கக்கூடும். கருவி இரவலாகக் கிடைக்கும். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். அவர்களுடைய கையும் குரலும் மட்டும் நாம் ஓய்வு பெறும் வரை காத்திரா. வரும் விடுமுறையிலேயே தொடங்குவோமாக!