கூட வராவிட்டாலும் பெயர் வர வேண்டும்

கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) என்று பேச்செடுத்தால், புதிதாகக் கல்யாணம் ஆன தம்பிகள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, வொய்ஃபைச் சேர்த்தா ஸ்கோர் குறையுதாம். முதல்ல நான் மட்டும் போட்டுட்டு, அங்க போனப்புறம் கூப்பிட்டுக்கலாமா?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் இதற்குள் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. டீயைக் குடித்தபடியே பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, ஸ்கோர். 2015 முதல் நடைமுறையில் இருக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறையில் வயது, படிப்பு, மொழி, கனடாவில் பார்த்த வேலை ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தனி ஆளுக்கு அதிகபட்சம் 500 புள்ளி. துணையோடு விண்ணப்பித்தால் உங்கள் பங்கு 460. மீதி 40 காணாமல் போவதில்லை, துணையின் கணக்குக்குப் போகிறது. அவர் படிப்புக்கு 10, மொழிக்கு 20, கனடா அனுபவத்துக்கு 10.

ஒருவருக்கு வயது 29 என்று வைத்துக்கொள்வோம். எம்.இ. முடித்தவர். கனடா அனுபவம் இல்லை. மொழியில் கனடாவின் அளவுகோலான சி.எல்.பி.யில் 9, அதாவது ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் தேர்வில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7. தனியாகப் போட்டால் 110, 135, 124 என்று 369 வரும். மனைவியோடு போட்டால் 100, 126, 116 என்று 342. 27 குறைகிறது. இந்த இடத்தில்தான் பலர் பயந்து நின்றுவிடுகிறார்கள். மேலே கணக்குப் போடுங்கள். மனைவி பி.இ. படித்தவர், அவரும் சி.எல்.பி. 9 எடுக்கிறார் என்றால் படிப்புக்கு 8, மொழிக்கு 20. மொத்தம் 370. தனியாகப் போட்டதைவிட ஒன்று கூடுதல்! அவ்வளவு வராமல் நான்கு பிரிவிலும் 6 வாங்கினாலும் மொழிக்கு 12 கிடைக்கும், இழப்பு 7தான். அவர் தேர்வும் எழுதாமல், பட்டத்தையும் மதிப்பீட்டுக்கு அனுப்பாமல் விட்டால்தான் 27 புள்ளியும் முழுசாகப் போகும். ஆகவே, துணையின் ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணத்தை வீண் செலவாக நினைக்காதீர்கள்.

இருவர் பெயரையும் மாற்றிப் போட்டும் ஒருமுறை கணக்கிடுங்கள். மனைவிக்கு ஸ்கோர் கூடுதலாக வந்தால் அவரே முதன்மை விண்ணப்பதாரராக இருக்கட்டும். கிடைக்கிற பி.ஆர். இருவருக்கும் ஒன்றுதான், இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

இரண்டாவது விஷயம்தான் ஆயுளுக்கும் தொடர்வது. துணை இப்போது கூட வருகிறாரா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். 'உடன் வரவில்லை' என்று குறித்தால் ஸ்கோர் தனி ஆள் கணக்கிலேயே வரும், அது சட்டப்படி சரி. ஆனால் அவர் பெயரை எழுதாமல் விட உங்களுக்கு உரிமை இல்லை. கூட வராதவரானாலும் விண்ணப்பத்தில் அவர் விவரம் இருக்க வேண்டும், மெடிக்கல் எடுக்க வேண்டும், போலீஸ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கையிருப்புப் பணம் காட்டும்போதும் குடும்பத் தலைக்கணக்கில் அவர் உண்டு.

மறைத்தால் என்ன ஆகும்? கனடாவின் குடியேற்ற விதிகளில் 117(9)(டி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. நீங்கள் பி.ஆர். வாங்கியபோது பரிசோதனைக்கு உட்படுத்தாமல் விட்ட துணையையோ பிள்ளையையோ பின்னால் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது என்கிறது அது. சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும் தடை இல்லை இது. நீங்கள் குடியுரிமை வாங்கினாலும் நீங்காது. அப்புறம் மனிதாபிமான அடிப்படையில் விலக்குக் கேட்டு, அதிகாரியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். பொய்த் தகவல் என்று தீர்மானித்துவிட்டால் விண்ணப்பமும் போய், 5 ஆண்டுத் தடையும் வரும்.

'உடன் வரவில்லை' என்று போடுவதற்கும் உண்மையான காரணம் வேண்டும். அவருக்கு இங்கே வேலை இருக்கிறது, படிப்பு பாதியில் இருக்கிறது என்றால் சரி. ஸ்கோருக்காக மட்டும் அப்படிக் குறித்துவிட்டு அடுத்த மாதமே சேர்ந்து வாழப் போகிறவர்களிடம் அதிகாரி விளக்கம் கேட்கலாம். பிறகு ஸ்பான்சர் செய்யும்போது தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், 3 ஆண்டு பராமரிப்பு உறுதிமொழி, அதுவரை பிரிவு எல்லாம் உண்டு. அந்தச் சில புள்ளிகளுக்கு இதுதான் விலை.

நம் ஊர்க் கல்யாணங்களில் இன்னொரு சிக்கல். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவை முதலில் முடித்துவிட்டு, முகூர்த்தத்தைத் தை மாதத்துக்கு வைக்கிறோம். பெரியவர்கள் கணக்கில் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் பதிவுச் சான்றிதழ் வந்துவிட்டால், குடியேற்றத் துறையின் கணக்கில் நீங்கள் திருமணமானவர்தான். ப்ரொஃபைலில் அதற்குப் பிறகு 'சிங்கிள்' இருக்கக் கூடாது. நிச்சயதார்த்தம் மட்டும் ஆகியிருந்தால் இன்னும் துணை ஆகவில்லை. விண்ணப்பம் போட்ட பிறகு தாலி கட்டினால், உடனே குடியேற்றத் துறைக்கு எழுதித் துணையைச் சேருங்கள். விசா கையில் வந்த பிறகு நடந்த கல்யாணமானாலும், கனடாவில் போய் இறங்கிப் பி.ஆர். ஆவதற்கு முன் சொல்லியாக வேண்டும். பயணத்தைத் தள்ளிப்போட நேர்ந்தாலும் பரவாயில்லை. கோயில் கல்யாணமானாலும் பதிவுச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயமும்கூட.

ஏற்கெனவே மறைத்து அனுப்பிவிட்டவர்கள் பதற வேண்டாம், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். பி.ஆர். கைக்கு வருவதற்குள் நீங்களாகவே எழுதித் திருத்திவிடுங்கள். "சிங்கிள்னு போடுங்க, பின்னால பார்த்துக்கலாம்" என்று எந்த கன்சல்டன்ட் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். குறைந்த புள்ளியை இன்னொரு தேர்வு எழுதி ஏற்றிக்கொள்ளலாம். எழுதாமல் விட்ட பெயரைப் பி.ஆர். வந்த பிறகு சேர்க்க அப்படி ஒரு எளிய வழி கிடையாது.