வாரத்துக்கு ஒரு மணி நேரம்

1986ஆம் ஆண்டு, ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருக்கும் வயது 9 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள். மருத்துவர் சாலி கிரந்தம்-மெக்ரெகர் தலைமையிலான குழு அவர்களை நான்கு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு வாரம் 1 கிலோ பால்மாவு. அடுத்த பிரிவுக்குப் பால்மாவு கிடையாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் உண்டு. நான்காவதற்கு இரண்டுமே இல்லை. இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது.

வீட்டுக்கு வந்த பெண் என்ன செய்தார்? தாயோடும் பிள்ளையோடும் தரையில் உட்கார்ந்து விளையாடினார். காலி பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப் பெட்டி, துணித் துண்டு என்று வீசியெறியும் பொருட்களில் செய்த பொம்மைகளைக் கொண்டுவந்தார். போகும்போது அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறு பொம்மைகளோடு வந்தார். குளிப்பாட்டும்போதும் துணி துவைக்கும்போதும் பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்கச் சொன்னார். பிள்ளை ஒன்றைச் சரியாகச் செய்தால் பாராட்டச் சொன்னார், தாயையும் பாராட்டினார். அவர் முனைவர் பட்டம் பெற்றவர் அல்லர். ஓரளவு பள்ளிப்படிப்பும் சில வாரப் பயிற்சியும்தான் அவருக்கு இருந்தன.

இரண்டு ஆண்டு முடிவில் பால்மாவும் பலன் தந்தது, விளையாட்டும் பலன் தந்தது. இரண்டையும் பெற்ற குழந்தைகள், வளர்ச்சி குன்றாத அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்தார்கள். ஆய்வு அத்தோடு நின்றிருந்தால், பல ஆய்வறிக்கைகளில் ஒன்றாக மறந்துபோயிருக்கும். ஆய்வாளர்கள் விடவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனபோதும், பதின்ம வயதிலும், வேலைக்குப் போன பிறகும் தேடிப் போய்ப் பார்த்தார்கள். 11, 12 வயதில் பால்மாவின் பலன் அறிவுத்திறனில் தென்படவில்லை. விளையாட்டின் பலன் அப்படியே இருந்தது. 17, 18 வயதில், விளையாட்டுப் பிரிவுகளில் இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகப் படித்தார்கள். மனச்சோர்வும் பதற்றமும் அவர்களிடம் குறைவு. 22 வயதில் அவர்களுடைய வருமானம், பணியாளர் வராத வீட்டுப் பிள்ளைகளைவிட 25 சதவீதம் கூடுதல். பொருளாதார அறிஞர்கள் பால் கெர்ட்லர், ஜேம்ஸ் ஹெக்மன் உள்ளிட்டோர் 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை வெளியிட்டார்கள். 31 வயதிலும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

குறைவான பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு இது என்பதைச் சொல்லியாக வேண்டும். பலன் பெற்றவர்களில் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தோர் அதிகம் என்பதும் வருமானக் கணக்கில் கலந்திருக்கிறது. ‘அப்படியானால் சோறு முக்கியமில்லை’ என்று யாராவது சொன்னால், அது தவறான முடிவு. கருவிலும் முதல் மாதங்களிலும் ஏற்பட்ட குறையைப் பின்னால் வந்த பால்மாவு முழுதாக ஈடுகட்டியிருக்காது. அதில் ஒரு பங்கு வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளுக்கும் போயிருக்கக்கூடும்.

விளையாட்டின் பலன் ஏன் நிலைத்தது? என் கணிப்பில், மாறியது குழந்தை மட்டுமல்ல, வீடும்தான். பணியாளரின் வருகை நின்ற பிறகும் அம்மா அங்கேதானே இருக்கிறாள்? பேசும் பழக்கமும், ‘என் பிள்ளை கற்றுக்கொள்வான்’ என்ற நம்பிக்கையும் அவளிடம் தங்கிவிட்டன. ஏழைத் தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நாள் முழுக்க உழைத்துக் களைத்தவளுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து துணை நிற்க ஓர் ஆள் கிடைத்தாள் என்பதே அர்த்தம்.

வளர்ச்சிக் குறை ஒரு தலைமுறையோடு நிற்பதுமில்லை. இதே குழு பின்னர், சிறுவயதில் வளர்ச்சி குன்றியவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் சோதித்தது. வளர்ச்சி குன்றாதவர்களின் குழந்தைகளைவிட அவர்களுடைய வளர்ச்சி மதிப்பெண் குறைவாக இருந்தது.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. கிங்ஸ்டனின் விளையாட்டு முறையை ஒடிசா கிராமங்களில் சோதித்தபோது, தாய்மார்களைக் குழுவாகக் கூட்டி நடத்தியதும் வீடு தேடிப் போனதற்கு இணையான பலனைத் தந்தது, செலவோ குறைவு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான விளையாட்டு வழிகாட்டியாக ‘நவசேதனா’வை மத்திய அரசும் 2024இல் வெளியிட்டுவிட்டது. ஆனால் அந்த வயதுப் பிள்ளைக்கு அங்கன்வாடியிலிருந்து பெரும்பாலும் கிடைப்பது எடை பார்ப்பதும் சத்துமாவுப் பாக்கெட்டும்தான். அங்கன்வாடிப் பணியாளரின் நேரத்தைப் பதிவேடுகளும் கைபேசிச் செயலியும் தின்கின்றன. அந்தச் சுமையை இறக்கி, வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை இந்தப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கென்று அரசு ஒதுக்கித் தர வேண்டும்.