செய்தி திரட்டும் மென்பொருள்

தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மூட்டையாக வந்த கடிதங்களை ஊழியர் இடவாரியாகப் பிரித்துத் தனித்தனி அறைகளில் போடுகிறார். சமூக ஊடகங்களில் ஓயாமல் வந்து குவியும் செய்திகளுக்கும் இத்தகைய பிரிப்பு தேவைப்படுகிறது. கணிப்பொறித் திரையில் இவ்வேலையைச் செய்வதற்கென்றே மென்பொருள்கள் உள்ளன.

அவற்றுள் புகழ் பெற்றது ட்வீட்டெக். இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் டாட்ஸ்வொர்த் என்பவர் 2008-இல் இதை வெளியிட்டார். ட்விட்டர் செய்திகளை இது நாளிதழைப் போலப் பல பத்திகளாகக் காட்டியது. ஒரு பத்தியில் நண்பர்களின் செய்திகள். அடுத்ததில் நமக்கு வந்த பதில்கள். மற்றொன்றில் ‘நிலநடுக்கம்’ போன்ற ஒரு சொல் இடம்பெறும் செய்திகள் மட்டும்.

வாயிலும் வரம்பும்

இது எவ்வாறு வேலை செய்கிறது? செய்திகள் அனைத்தும் ஊடக நிறுவனத்தின் கணிப்பொறிகளில் இருக்கின்றன. வெளியார் எழுதிய மென்பொருள் அவற்றைக் கேட்டு வாங்க ஒரு வாயில் வேண்டும். அதற்கு ஏ.பி.ஐ. என்று பெயர். “புதிய செய்தி உண்டா?” என்று மென்பொருள் அடிக்கடி கேட்கும், வாயில் வழியே பதில் வரும். எல்லோரும் ஓயாமல் கேட்டால் கணிப்பொறிகள் திணறும் அல்லவா? ஆகவே வரம்பு உண்டு. 2013-இல் ட்விட்டரின் முகப்புச் செய்திகளை 15 நிமிடங்களுக்கு 15 முறைதான் கேட்க முடியும்.

சாவி யாரிடம்?

ட்வீட்டெக்கை 2011-இல் ட்விட்டர் நிறுவனமே விலைக்கு வாங்கியது. 2023 ஜனவரியில் வெளியார் மென்பொருள்களுக்கு அந்நிறுவனம் வாயிலை மூடிவிட்டது. ட்விட்டரிஃபிக், ட்வீட்பாட் ஆகியவை திடீரெனச் செயலற்றுப் போயின. அவற்றில் பழுது ஏதும் இல்லை, வாயில்தான் அடைபட்டது! அதே ஆண்டில் ட்விட்டர் ‘எக்ஸ்’ ஆயிற்று. ட்வீட்டெக்கும் கட்டணச் சேவையாக மாறியது.

2016-இல் ஜெர்மனியில் தோன்றிய மாஸ்டடான் வேறு வகையானது. இதில் செய்திகள் ஒரே நிறுவனத்திடம் இல்லை. பலர் நடத்தும் பல கணிப்பொறிகளில் பரவியுள்ளன. அவை தமக்குள் பேசிக்கொள்ளும் ‘ஆக்டிவிட்டிபப்’ என்ற பொது விதிமுறையை உலகளாவிய வலைச் சங்கம் 2018-இல் ஏற்றுக்கொண்டது. ஒருவர் தம் வாயிலை அடைத்தாலும் மற்றவை திறந்தே இருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நல்ல மென்பொருளை அறிய மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் கடவுச்சொல்லை அது தானே கேட்டு வாங்குகிறதா? நல்ல மென்பொருள் உங்களை ஊடகத்தின் சொந்தப் பக்கத்திற்கே அனுப்பி, ஓர் அனுமதிச் சீட்டை மட்டும் பெற்றுக்கொள்ளும். அந்த அனுமதியை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். செய்திகளைக் கால வரிசையில் காட்டுகிறதா? நீங்கள் பின்தொடர்வோரின் பட்டியலை வெளியே எடுத்துச் செல்ல முடியுமா?

செய்து பாருங்கள்

இதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. மாஸ்டடானில் உள்ள ஒரு பொதுக் கணக்கின் முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளியையும், ஆர்.எஸ்.எஸ். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளையும் சேருங்கள். அந்த முகவரியைத் தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளில் செய்தியோடையாகக் கொடுங்கள். புதிய செய்திகள் உங்கள் கணிப்பொறிக்கே வந்து சேரும்.