முந்நூறு டன் தண்டும் மயிரிழை அளவும்

2006-ம் வருஷம் டென்மார்க் தேசத்தில் கட்டி முடிக்கப்பெற்ற 'எம்மா மார்ஸ்க்' என்னும் சரக்குக் கப்பலின் பிரதான இஞ்சினுக்குப் பதினான்கு சிலிண்டர்கள். அதன் கிராங்க் தண்டு மட்டும் சுமார் 300 டன். இத்தனை கனத்த எஃகு வளையுமோ என்று நாம் ஐயுறலாம். வளையும், தன் பாரத்தாலேயே வளையும்.

சைக்கிள் மிதித்தவர்களுக்குக் கிராங்க் புதிதன்று. காலின் ஏற்ற இறக்கம் அங்கே சுழற்சியாக மாறுகிறதல்லவா? கப்பலில் பிஸ்டனே கால். ஆனால் இங்கே ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு கைகள். அவற்றைச் சேர்ப்பது ஒரு முளை. இரு புறமும் தண்டைத் தாங்கப் பேரிங்குகள் உண்டு. இவை தேய்ந்து தாழ்ந்தால் தண்டும் அவ்விடத்தில் தொய்கிறது. அப்போது முளை மேலே வருகையில் அதற்கு எதிர்ப்புறத்தில் கைகள் சற்றே அகலும். முளை கீழே போகையில் நெருங்கும். நிமிஷத்துக்கு 100 சுற்று என்றால், நாளொன்றுக்கு 1,44,000 தடவை இப்படி வளைந்து நிமிர வேண்டும்! கம்பியை மாறி மாறி வளைத்து முறிக்கும் நம் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் இதன் முடிவைச் சொல்லிவிடுவார்கள். நடுக்கடலில் தண்டு முறிந்தால் மாற்றுத் தண்டு ஏது? கப்பல் வெறும் மிதவைதான்.

ஆகையால், துறைமுகத்தில் இஞ்சின் ஓய்ந்திருக்கும்போது இஞ்சினியர் விளக்குடன் அதன் அடிவயிற்றுக்குள் இறங்குகிறார். முளைக்கு எதிரே இரு கைகளுக்கும் நடுவில் கடிகார முகம் கொண்ட சிறு அளவுக்கருவியைப் பொருத்துகிறார். தண்டை மெல்லச் சுழற்றத் தனி மோட்டார் இருக்கிறது. முளை நேர் கீழே வரும்போது பிஸ்டனின் இணைப்புத் தண்டு கருவிக்கு இடம் விடாது. எனவே அதற்கு இப்புறமும் அப்புறமும் இரண்டு, பக்கங்களில் இரண்டு, உச்சியில் ஒன்று என ஐந்து இடங்களில் முள்ளைப் பார்த்து எழுதிக்கொள்கிறார். முள் காட்டுவது மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு. தலைமயிரின் பருமன்கூட அதனினும் பெரிது.

கப்பலும் வளையும் பொருளே. சரக்கேற்றினால் ஒரு வளைவு, இறக்கினால் வேறு. நீரில் மிதக்கையில் ஒன்று, உலர்துறையில் மற்றொன்று. இஞ்சினின் சூடும் தன் பங்கைச் செய்யும். ஆகவே கப்பல் நீரில் எவ்வளவு அமிழ்ந்திருந்தது, இஞ்சின் எவ்வளவு சூடாயிருந்தது என்பவற்றையும் உடன் குறிக்காவிட்டால், அந்த எண்களைச் சென்ற வருஷத்து எண்களோடு ஒப்பிட வழியில்லை.

இத்தனைக்குப் பிறகும் முள் ஏமாற்றுவதுண்டு. விறைப்பான தண்டு, தேய்ந்த பேரிங்கின்மேல் படியாமல் அதன் இரு பக்கத்துப் பேரிங்குகளில் பாலம்போல் தங்கி நிற்கும்; முள்ளோ குறையொன்றும் காட்டாது. அனுபவசாலியான இஞ்சினியர் அதை அப்படியே நம்பிவிடுவதில்லை. மெல்லிய எஃகுத் தகடொன்றைத் தண்டுக்கும் கீழ்ப் பேரிங்குக்கும் இடையே செலுத்திப் பார்க்கிறார். தகடு நுழைந்துவிட்டால், எழுதிய எண்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பேரிங்கைக் கழற்றச் சொல்கிறார்.