கையொப்ப நூல்கள்

நூலாசிரியரோ பெயர்பெற்ற வேறொருவரோ தம் கைப்படப் பெயர் எழுதிய அச்சு நூல் கையொப்ப நூல் எனப்படும். "இன்னாருக்கு அன்புடன்" என்று பெறுபவர் பெயரும் நாளும் ஊரும் சேர்ந்திருந்தால் அது அன்பளிப்புப் படி. கொடுத்தவர், பெற்றவர் இருவருமே வரலாற்றில் இடம்பெற்றவர்களாக இருந்தால் மதிப்பு பன்மடங்காகும்.

கையொப்பத்துக்கு அப்போதே விலை வைத்தவர் காந்தி. தீண்டாமை ஒழிப்புக்காக 1933-34இல் நாடு முழுவதும் சென்ற அவர், கையொப்பம் ஒன்றுக்கு 5 ரூபாய் வாங்கி அரிசன நிதியில் சேர்த்தார். அப்பயணத்தில், 1934 பிப்ரவரியில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் வந்தார். குஜராத்தி, இந்தி, ஆங்கிலம் மட்டுமன்றித் தமிழிலும் கையெழுத்திட்டவர் அவர். ஆகவே தமிழில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு காந்தி கையொப்பத்தைப் போலி என்று தள்ளிவிட முடியாது.

போலியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மைதான். பந்துமுனைப் பேனா 1945க்குப் பிறகே பரவலாக விற்பனைக்கு வந்தது; 1934 என்று நாளிட்ட கையொப்பம் அதில் எழுதப்பட்டிருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், கையால் எழுதியதில் கோடுகள் குறுக்கிடும் இடத்தில் மை தேங்கியிருக்கும். அச்சிட்ட கையொப்பத்தில் அது இராது. சிலவற்றில் நுண்புள்ளிகள் தெரியும். குறிப்பிட்ட நாளில் அவர் அந்த ஊரில் இருந்தாரா என்பதையும் பார்க்க வேண்டும். நூல் யார் கையிலிருந்து யாருக்குப் போனது என்று காட்டும் கடிதமோ ஒளிப்படமோ இருந்தால் நம்பகம் கூடும்.

1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர் என்பதால் காரைக்கால் வீடுகளின் பழைய அலமாரிகளில் பிரெஞ்சு நூல்களும் கிடைக்கலாம். அவற்றில் "ஒமாழ் த லோத்தர்" (ஆசிரியரின் அன்பளிப்பு) என்ற தொடரைக் கண்டதும் மகிழ்ந்துவிடக் கூடாது. அது சில நேரம் அச்சிட்டதாகவோ முத்திரையாகவோ இருக்கும். கைப்பட எழுதியிருந்தால்தான் கணக்கில் வரும்.

இன்றைய எழுத்தாளர்கள் புத்தகக் காட்சிகளில் நூற்றுக்கணக்கான படிகளில் கையெழுத்திடுகிறார்கள். அவற்றுக்குப் பெரிய விலை எதிர்பார்ப்பது வீண். முதற்பதிப்பாகவோ, தனிப்பட்ட செய்தி எழுதியதாகவோ இருந்தால் நிலை வேறு.

கடலோர ஈரமும் கரையானும் வெள்ளிப்பூச்சியும் தாளைக் கெடுக்கின்றன. மைப்பேனா எழுத்து நீர் பட்டால் கரையும். இவற்றைவிடப் பெரிய சேதம் பைண்டிங்கில் நேர்கிறது. பழைய நூலை மீண்டும் கட்டும்போது முன்பக்க வெற்றுத்தாளைக் கழித்துவிடுவதும் ஓரங்களை வெட்டுவதும் வழக்கம். கையொப்பம் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கும். எடைக்குப் போடும் முன் ஒவ்வொரு நூலின் முதல் சில தாள்களையாவது புரட்டிப் பார்ப்பது நல்லது. செல்லோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் மதிப்பைக் குறைக்கும்.

வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள, 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது.