கொலுப் பொம்மைக்கும் ஒரு பதிவேடு

நவராத்திரி நெருங்கும்போது ராபர்ட்சன்பேட்டையின் தமிழ் இல்லங்களில் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகள் இறங்குகின்றன. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் படிகள் அமைகின்றன. மரப்பாச்சி இணை, தசாவதாரம், கடை விரித்து அமர்ந்த செட்டியார் தம்பதி ஆகிய மரபான பொம்மைகளோடு, தஞ்சாவூரில் வாங்கிய தலையாட்டிப் பொம்மையும் சென்னபட்டணத்து மரப் பொம்மையும் கன்னியாகுமரியின் சிப்பிப் படகும் இடம்பெறுகின்றன. கன்னடக் குடும்பங்களும் இதே நாட்களில் ‘கொம்பெ ஹப்பா’ கொண்டாடி, அரசன் அரசி பொம்மைகளை நடுநாயகமாக வைக்கின்றன. வழிபாட்டுக்கு உரியனவும் பயண நினைவாக வாங்கப்பட்டனவும் ஒரே படியில் அமர்வது கொலுவின் இயல்பு.

உலகின் அருங்காட்சியகங்கள் சில இவ்வாறே தொடங்கின. அவற்றுக்கும் நம் வீட்டுக் கொலுவுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு பொருள்களின் விலையன்று. அவற்றைப் பற்றிய பதிவேடே ஆகும்.

பயணிகள் கொணர்ந்தவை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் சேலம் என்றொரு துறைமுக நகர் உண்டு. அங்கே 1799-ஆம் ஆண்டில் கப்பல் தலைவர்கள் ஒரு சங்கம் நிறுவினர். நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ கடந்து மீண்டவர்களே அதன் உறுப்பினர் ஆகலாம். சென்ற நாடுகளிலிருந்து அரிய பொருள்களைக் கொணர்ந்து சேர்ப்பது அவர்களின் வழக்கம். அச்சேர்க்கையே இன்றைய பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகமாக வளர்ந்தது. கல்கத்தா வணிகர்களின் ஆளுயரக் களிமண் உருவங்கள் அங்கே உள்ளன.

இத்தகைய களிமண் கலைக்குப் பெயர்பெற்றது வங்காளத்தின் கிருஷ்ணாநகரை அடுத்த கூர்ணி. நெசவாளர், சலவைத் தொழிலாளர், பல்லக்குத் தூக்குவோர், தோற்பையில் நீர் சுமப்போர் எனத் தொழில் செய்வோரின் சிற்றுருவங்களை அவ்வூர்க் கலைஞர்கள் வடித்தனர். 1851-இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் கிருஷ்ணாநகர் உருவங்கள் இடம்பெற்றன. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயர் பலர் ஊர் திரும்புகையில் இவற்றை நினைவுப் பொருள்களாக எடுத்துச் சென்றனர். அன்று அலமாரி அலங்காரமாக வாங்கியவை, அக்காலத்து மக்கள் எவ்வாறு உடுத்தினர், எக்கருவிகளைக் கையாண்டனர் என்பதற்கு இன்று சான்றாக நிற்கின்றன.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1965-இல் டெல்லியில் திறக்கப்பட்ட சங்கர் பன்னாட்டு பொம்மைகள் அருங்காட்சியகம். ஹங்கேரி நாட்டுத் தூதர் அளித்த ஒரு பொம்மை கேலிச்சித்திரக் கலைஞர் சங்கரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அதன்பின் வெளிநாடு செல்லுந்தோறும் அவர் பொம்மைகளைத் திரட்டினார். ஒருவரின் பயணப் பெட்டிகளில் வந்து சேர்ந்தவை இன்று சுமார் 85 நாடுகளைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்ட பொம்மைகளாகப் பெருகியுள்ளன.

மண் தாங்கும் செய்தி

பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி, சென்னையின் கொசப்பேட்டை ஆகிய இடங்கள் கொலுப் பொம்மைக்குப் பெயர்பெற்றவை. சலித்துப் பிசைந்த களிமண்ணை முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் அழுத்தி, குழைத்த மண்ணால் இணைக்கின்றனர். உள்ளே வெற்றிடம் விடுவதால் பொம்மை கனம் குறைந்து, சூளையில் வெடிக்காமல் தப்புகிறது; சூடேறும் காற்று வெளியேற அடியில் ஒரு துளையும் இடுகின்றனர். நிழலில் உலர்த்திச் சுட்டபின் வெண்மை பூசி வண்ணம் தீட்டுகின்றனர். சுமார் 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறிய களிமண் மீண்டும் நீரில் கரைவதில்லை. தொல்லியலாளர்க்குச் சுடுமண் உருவங்கள் கிடைப்பதற்கு இதுவே காரணம். கீழடி அகழாய்விலும் அவை கிடைத்துள்ளன.

ஆதலால் ஒரு பொம்மையைத் திருப்பிப் பார்த்தாலே பல செய்திகள் புலப்படும். பக்கவாட்டு இணைப்புக் கோடு அச்சைக் காட்டும். அடித்துளையின் உட்புறத்தில் செய்தவரின் விரற்பதிவு இருக்கலாம். உதிர்ந்த வண்ணத்தின் கீழே பழைய வண்ணம் தெரியலாம். ஆனால் அதை வாங்கியவர் யார், எந்தப் பயணத்தில் வாங்கினார், செய்தவர் பெயர் என்ன ஆகியவற்றை மண் சொல்லாது. அருங்காட்சியகப் பதிவுகளிலேயே நன்கொடையாளர் பெயர் இருக்கும். செய்த கலைஞரின் பெயர் பெரும்பாலும் இராது. உரிய வேளையில் ஒருவரும் கேட்டெழுதாமையே இதற்குக் காரணம்.

சுரங்க நகரின் தேவை

கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் பணி தொடங்கியபின், வட ஆற்காடு, சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து குடும்பங்கள் இங்கே வந்து வாழ்ந்தன. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதன்பின் பலர் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் அதற்கப்பாலும் சென்றனர். நாள்தோறும் ரயிலில் சென்று திரும்புவோரும் உள்ளனர். வீடு மாறுகையில் முதலில் கைவிடப்படுபவை எளிதில் உடையும் பொருள்களே. வெட்டியெடுத்த தங்கத்துக்குக் கணக்கு உண்டு. அதை எடுத்தவர்களின் வீட்டு வாழ்வுக்கு அத்தகைய கணக்கு அரிது. பாட்டியின் பெட்டியில் உள்ள பொம்மைகள் அவ்வாழ்வின் சான்றுகள். அவற்றின் கதையை அறிந்த மூத்தோர் நம்மோடு இருக்கும்போதே அதை எழுதிவைத்தல் வேண்டும்.

பதிவு செய்வது எவ்வாறு?

வங்கிக் கணக்கேடு போன்ற ஒரு குறிப்பேடு போதும். பொம்மைக்கு ஒரு வரிசை எண் இடுக. பொருள், உயரம், வாங்கிய ஊர், ஆண்டு, வாங்கியவர், தெரிந்தால் செய்தவர் பெயர், தற்போதைய நிலை ஆகியவற்றை எழுதுக. முன்புறம், பின்புறம், அடிப்புறம் என மூன்று ஒளிப்படங்கள் எடுத்து அதே எண்ணில் சேமிக்கலாம். பசைத்தாளைப் பொம்மைமீது ஒட்டினால் வண்ணம் பெயரக்கூடும். எண் எழுதிய சீட்டை நூலில் கோத்துத் தளர்வாகக் கட்டுவதே நன்று.

பேணும் முறையும் எளியதே. மண் பொம்மையைக் கழுவுதல் கூடாது. நுண்துளைகள் வழியே ஈரம் புகுந்து, உலரும்போது உப்புப் படிகங்கள் தோன்றி வண்ணத்தைப் பெயர்த்துவிடும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை அகற்றலாம். கழுத்தையோ கையையோ பிடித்துத் தூக்காமல், அடியில் இரு கைகளையும் கொடுத்து எடுக்க வேண்டும். அச்சு மை ஒட்டக்கூடிய செய்தித்தாளைத் தவிர்த்துத் துவைத்து உலர்த்திய பழைய பருத்தித் துணியில் சுற்றிவைக்கலாம். வெப்பம் மிகுந்த பரணைவிட, ஈரமற்ற அலமாரியே ஏற்றது.

சட்டம் கூறுவது

நூறாண்டுக்குக் குறையாத சுடுமண் சிற்பங்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்கீழ்த் தொல்பொருள் எனக் கருதப்படுகின்றன. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி இல்லை. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்குப் பழைய பொம்மைகளை அனுப்ப விரும்புவோர், அவை தொல்பொருள் அல்ல என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெறுதல் நலம். வாங்கிய ஆண்டைக் காட்டும் வீட்டுக் குறிப்பேடும் பழைய ஒளிப்படங்களும் அப்போது துணைபுரியும். நிலத்தைத் தோண்டும்போது தொல்பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியர்க்குத் தெரிவிக்க வேண்டும்.

இவ்வாண்டு கொலு இறங்கும் நாளில், பொம்மைகளைப் பெட்டியில் அடுக்குமுன் வீட்டின் மூத்தவரை அருகில் அமர்த்தி ஒவ்வொன்றின் வரலாற்றையும் கேட்டெழுதுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு பொம்மைக்கு ஐந்து வரிகள் போதும். அக்குறிப்பேட்டையும் பொம்மைகளோடு அதே பெட்டியில் வைத்துவிட்டால், அடுத்த தலைமுறை பெட்டியைத் திறக்கும்போது இரண்டும் சேர்ந்தே கைக்குக் கிடைக்கும்.